சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு அளந்து பாருங்கள்

தண்டலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம், நான்காம் ஆண்டு படிக்கும் மெக்கானிக்கல், இசிஇ, டிரிபிள்இ மாணவ மாணவியருக்கு,

ஒரகடம் பக்கம் வெப்பச் சோதனை வேலையில் இருப்பவன் நான். புராஜெக்ட் ரிவ்யூ நாட்களில் உங்களைப் போன்ற பிள்ளைகளின் எதிரில் உட்காரும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிடைக்கிறது. ஹீட் சிங்க் என்று தலைப்பு வைத்த புராஜெக்ட் ஒன்றாவது எந்த ஆண்டும் தவறுவதில்லை. போஸ்டரில் நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஆன்சிஸ் படம் ஒன்று இருக்கும். பழைய வடிவத்தைவிடப் புதிய வடிவம் இத்தனை டிகிரி குறைவு என்று ஒரு பார் சார்ட் இருக்கும். “செய்து அளந்தீர்களா?” என்று கேட்டால் மட்டும் குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும். ஃபேப்ரிகேஷன் லேட் ஆகிவிட்டது, லேப் கிடைக்கவில்லை, செமஸ்டர் நெருங்கிவிட்டது என்று காரணங்கள் வரும். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நீங்கள் படிக்கும் பாடங்களில் பெரும்பாலானவற்றை உங்கள் கையால் செய்து சரிபார்க்க முடியாது. டர்பைன் பிளேடை லேப்பில் வார்க்க முடியாது. பாய்லரைக் கொளுத்திப் பார்க்க முடியாது. ஹீட் சிங்க் அப்படி இல்லை. உள்ளங்கை அகல அலுமினியத் துண்டு, ஒரு ஹீட்டர், இரண்டு மூன்று தெர்மோகப்பிள், ஒரு மதியப் பொழுது, இவ்வளவு போதும். நீங்கள் கணக்குப் போட்ட எண்ணும் இயற்கை தரும் எண்ணும் ஒரே மேசையில் சந்திப்பதைப் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான இடம் இது. அதைக் கைநழுவ விட்டுவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இந்தப் பாடம் உங்கள் பைக் ஸ்டாண்டிலேயே நிற்கிறது. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013இல் தொடங்கியது, வல்லம் வடகால் ஆலை 2017இல். அங்கிருந்து வரும் 350 சிசி வண்டியின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் ஃபின்களைக் குனிந்து பாருங்கள். அவற்றின் கணக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. ஹார்ப்பர், பிரவுன் என்ற இருவர், காற்றால் குளிரும் விமான எஞ்சின்களுக்காக, அமெரிக்க அரசின் வானூர்தி ஆலோசனைக் குழுவுக்கு 1922இல் எழுதிய அறிக்கையில் ஃபின் வழியே வெப்பம் கடத்தப்படுவதற்கான சமன்பாடுகளை முழுமையாக எழுதினார்கள். நீங்கள் தேர்வில் எழுதும் ஃபின் எஃபிஷியன்ஸி அந்த வழியில் வந்தது. ஃபின்னுக்கு ஓர் எல்லை இருப்பதையும் ராயல் என்ஃபீல்டே காட்டுகிறது. 2023இல் வந்த ஹிமாலயன் 450இல் முதன்முறையாக நீரால் குளிரும் எஞ்சினுக்கு அவர்கள் மாறினார்கள்.

இனி லேப்புக்கு வருவோம். பின்-ஃபின் கருவியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டக்ட்டுக்குள் ஒரு பித்தளைக் கம்பி, அடியில் ஹீட்டர், பக்கத்தில் டிம்மர்ஸ்டாட், வோல்ட்மீட்டர், அம்மீட்டர், தெர்மோகப்பிளை மாற்றி மாற்றிக் காட்டும் ஒரு டிஸ்ப்ளே. ஒரு பேட்ச் ரீடிங் எடுக்கும். மற்றவர்கள் அதையே அப்சர்வேஷனில் எழுதிக்கொள்வார்கள். எங்கும் நடப்பதுதான் இது. அந்த அவசரத்தில் தொலைந்துபோவது என்ன என்று மட்டும் சொல்கிறேன்.

300 கிராம் எடையுள்ள ஓர் அலுமினிய ஹீட் சிங்கை எடுத்துக்கொள்வோம். அடித்தளம் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. ஒவ்வொரு வாட்டுக்கும் 2 டிகிரி ஏறும் தன்மை அதற்கு என்று வையுங்கள். 20 வாட் கொடுத்தால், காற்றைவிட 40 டிகிரி அதிகமாகப் போய் நிற்கும். ஆனால் எப்போது நிற்கும்? அலுமினியத்தின் தன்வெப்பம், ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 900 ஜூல். ஆகவே இந்தத் துண்டை ஒரு டிகிரி ஏற்ற 270 ஜூல் வேண்டும். அதை 2ஆல் பெருக்கினால் 540 விநாடி, அதாவது 9 நிமிடம். இதுதான் அதன் டைம் கான்ஸ்டன்ட். 9 நிமிடத்தில் 63 சதவீத ஏற்றம்தான் வந்திருக்கும். 99 சதவீதத்தைத் தொட முக்கால் மணி நேரம் ஆகும். ஹீட்டர் பிளாக்கின் எடையையும் சேர்த்தால் இன்னும் கூடும். பத்து நிமிடத்தில் ரீடிங் எடுத்தவருக்கு 40 டிகிரிக்குப் பதில் 27 டிகிரிதான் தெரியும். அவருடைய ஹீட் சிங்க் உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு சிறந்ததாகத் தெரியும். வடிவமைப்பில் எவ்வளவு மூளையைக் கசக்கினாலும் கிடைக்காத முன்னேற்றம், அவசரத்தால் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எழுதுங்கள். அடுத்தடுத்த மூன்று ரீடிங்கில் அரை டிகிரிகூட நகரவில்லை என்றால் மட்டும் ஸ்டெடி ஸ்டேட் என்று சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில் கிராஃப் போடுங்கள். அந்த வளைவே ஒரு டைம் கான்ஸ்டன்டைத் தரும். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

அடுத்து மின்சாரம். டிம்மர்ஸ்டாட் லைன் வோல்டேஜைப் பின்தொடரும். 230 வோல்ட் 240 ஆனால், ஹீட்டரின் வாட் 9 சதவீதம் ஏறிவிடும். பக்கத்து லேப்பில் கம்ப்ரஸரை நிறுத்தினாலே உங்கள் ரீடிங் ஆடலாம். இசிஇ லேப்பில் ஒரு டிசி பவர் சப்ளை கேட்டு வாங்குங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும், அலுமினிய உறை போட்ட பவர் ரெசிஸ்டர் ஒன்றைத் திருகிவிட்டால் நல்ல ஹீட்டர் ரெடி.

அந்த 20 வாட்டும் ஹீட் சிங்குக்குள் போகிறதா என்பது இன்னொரு கேள்வி. ஹீட்டரின் பின்பக்கம் திறந்தே கிடந்தால், அந்த 10 செ.மீ. சதுரத்தின் வழியாக 4 வாட் வரை பின்னாலேயே கசிந்துவிடும். மேலே போவது 16 வாட்தான். நீங்களோ 20ஆல் வகுத்து தெர்மல் ரெசிஸ்டன்ஸ் எழுதுவீர்கள். 25 மி.மீ. கிளாஸ் வுல் வைத்து மூடினால் கசிவு ஒரு வாட்டுக்கும் கீழே இறங்கும். அதையும் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

தெர்மோகப்பிளை ஒட்டும் விதத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வகுப்பே எடுக்கலாம். செல்லோ டேப்பை வைத்து மேலே ஒட்டினால், சூட்டில் பசை இளகி, முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொள்ளும். அப்போது அது காட்டுவது உலோகத்தின் வெப்பநிலையும் அல்ல, காற்றின் வெப்பநிலையும் அல்ல. அடித்தளத்தின் பக்கவாட்டில் ஒன்றரை மி.மீ. துளை ஒன்றை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். தெர்மல் பேஸ்ட்டைத் தொட்டு முனையை உள்ளே செலுத்துங்கள். வெளியே வரும் வயரைச் சில சென்டிமீட்டர் அந்தத் தளத்தோடு ஒட்டியே கொண்டுபோய் அப்புறம் விடுங்கள். இல்லாவிட்டால் வயரே ஒரு குட்டி ஃபின்னாகி முனையைக் குளிரவைக்கும். கே டைப் தெர்மோகப்பிளின் அனுமதிக்கப்பட்ட பிழையே 2 டிகிரிக்கு மேல். ஆகவே இரண்டு வடிவங்களுக்கிடையே ஒரு டிகிரி வித்தியாசம் வந்தால், அதை வெற்றியாக எழுதாதீர்கள். பரிசோதனைக்கு முன் எல்லா முனைகளையும் ஒரே டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஐஆர் கேமரா கையில் கிடைத்தால் எல்லோருக்கும் குஷிதான். பளபளக்கும் அலுமினியத்தின் எமிசிவிட்டி 0.1க்கும் கீழே. கேமராவுக்குத் தெரிவது பெரும்பாலும் சுவரும் உங்கள் முகமும்தான். இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை ஒட்டி, அந்தத் துண்டின் மேல் மட்டும் அளந்து பாருங்கள். பக்கத்து இடத்தைவிட எத்தனை டிகிரி கூடக் காட்டுகிறது என்று பாருங்கள்.

பேஸ்ட் தடவுவதிலும் கை பழக வேண்டும். நிறையத் தடவினால் நல்லது என்று பலருக்கு எண்ணம். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே சிக்கியிருக்கும் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட். தானாக அது ஒன்றும் சிறந்த கடத்தி அல்ல. சாதாரண பேஸ்ட்டின் கடத்துதிறன், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. மெல்லியதாகப் பரப்பி, நான்கு திருகுகளையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சோதனை முடிந்ததும் கழற்றி, பேஸ்ட் பதிந்திருக்கும் தடத்தைப் பாருங்கள். நடுவில் தடம் இல்லாமல் ஓரத்தில் மட்டும் இருந்தால் உங்கள் அடித்தளம் குழிந்திருக்கிறது என்று பொருள். ஃபின் வடிவத்தை எவ்வளவு மாற்றினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

இனி ஃபேன். “நேச்சுரல் கன்வெக்‌ஷன்” என்று தலைப்புப் போட்டிருக்கும். மேலே சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அசையாத காற்றில் வெப்பப் பரிமாற்றக் கெழு 5 முதல் 10 வரை. ஒரு மென்மையான காற்றோட்டமே அதை இரட்டிப்பாக்கிவிடும். வியர்க்கும்தான், எனக்குத் தெரியும். அந்த முக்கால் மணி நேரம் ஃபேனை அணையுங்கள், ஏசியின் வீச்சை அட்டையால் மறையுங்கள், மேசையைச் சுற்றி நடமாட்டத்தைக் குறையுங்கள். காற்றின் வெப்பநிலையை ஹீட் சிங்குக்கு மேலே அளக்காமல், பக்கவாட்டில் ஓரடி தள்ளி, அதன் அடிமட்டத்தில் அளங்கள்.

இவ்வளவையும் செய்தபின் வடிவமைப்பு பற்றிய உங்கள் எண்ணங்களே மாறத் தொடங்கும். அதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, ஃபின்களை நெருக்கமாக அடுக்குவது. பரப்பு கூடினால் வெப்பம் அதிகம் வெளியேறும் என்று பாடம் சொல்கிறது. ஆகவே 2 மி.மீ. இடைவெளியில் இருபத்தைந்து ஃபின் வரைகிறீர்கள். ஃபேன் இல்லாத இடத்தில் இது எடுபடாது. ஒவ்வொரு ஃபின்னையும் ஒட்டி ஒரு சூடான காற்றுப் படலம் மேலேறுகிறது. இடைவெளி குறுகினால் இரண்டு பக்கப் படலங்களும் ஒன்றோடொன்று முட்டி, புதுக் காற்று நுழையவே வழியில்லாமல் போகிறது. பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த எலன்பாஸ் 1942இல் இணைத் தகடுகளை வைத்து இதை அளந்தார். பார்-கோஹனும் ரோஸனோவும் 1984இல் அதிலிருந்து உகந்த இடைவெளிக்கு ஒரு சுருக்கமான சூத்திரம் தந்தார்கள். 10 செ.மீ. உயரமுள்ள ஃபின், காற்றைவிட 40 டிகிரி சூடு என்று போட்டுப் பாருங்கள். ஆறரை, ஏழு மி.மீ. என்று விடை வரும். அதாவது பதினொன்று, பன்னிரண்டு ஃபின் போதும். பாதி அலுமினியம் மிச்சம். உங்கள் கல்லூரி வாசல் நெடுஞ்சாலையில் பறக்கும் லாரிப் புழுதி 2 மி.மீ. இடைவெளியை எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்பதையும் யோசியுங்கள். அதே ஹீட் சிங்கைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, ஃபின்கள் படுக்கைவாட்டில் இருக்கும்படி வைத்தும் ஒருமுறை அளந்துவிடுங்கள். அந்த ஒரு ரீடிங் ஒரு அத்தியாயத்துக்குச் சமம்.

இரண்டாவது, செம்பு. கடத்துதிறன் அலுமினியத்தைப் போல இரண்டு மடங்கு என்பதால் செம்பில் செய்தால் இரண்டு மடங்கு குளிரும் என்று நிறையப் பேர் எழுதுகிறீர்கள். 2 மி.மீ. தடிமன், 5 செ.மீ. நீளமுள்ள ஓர் அலுமினிய ஃபின்னுக்கு, அசையாத காற்றில் எஃபிஷியன்ஸி போடுங்கள். 96 சதவீதம் வரும். செம்பு போட்டால் 98. இரண்டு சதவீதத்துக்காக மூன்று மடங்குக்கு மேல் எடை, பல மடங்கு விலை. தடை இருப்பது உலோகத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. சி.பி. கோதண்டராமனும் எஸ். சுப்ரமணியனும் தொகுத்த, உங்கள் எல்லோர் பையிலும் இருக்கும் டேட்டா புக்கை வைத்துக்கொண்டே பத்து நிமிடத்தில் இதைப் போட்டுவிடலாம். அந்தப் புத்தகத்தின் கன்வெக்‌ஷன் சமன்பாடுகள் பலவற்றில் 20 சதவீதம் வரை விலகல் இயல்பு என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் அளவீடு 15 சதவீதம் தள்ளி வந்தால் அது தோல்வி இல்லை. மறைக்க வேண்டிய விஷயமும் இல்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இடம். கேட்டலாக்குகள் 25 டிகிரி காற்றை வைத்து எழுதப்படுகின்றன. உங்கள் ஏசி லேப்பும் கிட்டத்தட்ட அதே. தண்டலத்தின் மே மாதம் அப்படியா இருக்கிறது? 2003 மே இறுதியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. நம் 300 கிராம் ஹீட் சிங்கையே எடுத்துக்கொள்வோம். 20 வாட்டில் 40 டிகிரி ஏற்றம். மேலே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் 85 டிகிரி வரை தாங்கும் என்று வைப்போம். 25 டிகிரி லேப்பில் அது 65இல் நிம்மதியாக இருக்கும். 45 டிகிரி நாளில், நிழலில் இருந்தாலே 85இல் விளிம்பில் நிற்கும். நேரடி வெயில் பட்டால்? உச்சி வெயில் சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட். கறுப்பு அனோடைஸ் செய்த 10 செ.மீ. சதுரம் அதில் ஏறக்குறைய 9 வாட்டை விழுங்கும். கூடுதலாக 18 டிகிரி. நீங்கள் வடிவமைத்த தெருவிளக்கோ, மொட்டை மாடியில் வைத்த பெட்டியோ 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. கறுப்புதான் வெப்பத்தை நன்றாக உமிழும் என்ற எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ளுங்கள். நிறமில்லாத அனோடைஸிங்கும் வெள்ளைப் பெயின்ட்டும்கூட அகச்சிவப்பில் கறுப்புக்கு ஏறத்தாழ நிகராகவே உமிழ்கின்றன. வெள்ளைப் பெயின்ட் வெயிலில் வாங்குவதோ மூன்றில் ஒரு பங்குதான். லேப்பின் நிழலில் இந்த வித்தியாசம் தெரியாது. ஹாஸ்டல் மாடியில் தெரியும்.

இன்னொரு உதாரணம், இங்கிருந்து அதிக தூரமில்லாத ஐஐடி மெட்ராஸிலிருந்து. சி. பாலாஜியின் குழுவினர் ஃபின்களுக்கு நடுவே உருகும் மெழுகு போன்ற பொருளை நிரப்பிச் செய்த பரிசோதனைகளை 2012 வாக்கில் வெளியிட்டார்கள். உருகும்போது அது வெப்பத்தை உள்வாங்கிக்கொண்டு வெப்பநிலை ஏறுவதைத் தள்ளிப்போடும். அழகான, கவனமான வேலை. எப்படி அளக்க வேண்டும் என்பதற்காகவே படிக்கலாம். அவர்கள் பயன்படுத்திய ஐகோசேன் சுமார் 36.5 டிகிரியில் உருகும். அதைப் படித்துவிட்டு உங்களில் சிலர் அதே பொருளை அப்படியே எடுத்து வெளிப்புறக் கருவிக்கு வைக்கிறீர்கள். மே மாத மதியத்தில் சுவிட்ச் போடுவதற்கு முன்பே அது உருகிக் கிடக்கும். அந்தப் பரிசோதனையில் தவறு எதுவும் இல்லை. உங்கள் இடத்துக்கு ஐம்பது, அறுபது டிகிரியில் உருகும் பொருள் வேண்டும், அவ்வளவுதான். ஆய்வுக் கட்டுரையைத் தண்டலத்துக்குக் கொண்டுவருவது என்றால் இதுதான்.

செய்முறை பற்றிச் சுருக்கமாக: சாலிட்வொர்க்ஸில் வரைந்ததையெல்லாம் எக்ஸ்ட்ரூஷனில் எடுக்க முடியாது. ஃபின் உயரம் இடைவெளியைப் போலப் பத்து மடங்கைத் தாண்டினால் டை செய்பவர் கையை விரித்துவிடுவார். அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ ஒரு சின்ன ஒர்க் ஷாப்பில் அரை நாள் நின்று பாருங்கள். வயர்கட்டில் எவ்வளவு ஆகும், மில்லிங்கில் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். டிசைன் தானாக எளிமையாகும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அமெரிக்காவில், மின்னணுக் கருவிகளின் வெப்பம் பற்றிய ஐடெர்ம் மாநாட்டை ஒட்டி மாணவர்களுக்கு ஹீட் சிங்க் வடிவமைப்புப் போட்டி நடக்கிறது. வடிவங்களை 3டி பிரின்ட் செய்து, உண்மையிலேயே சூடேற்றிச் சோதிக்கிறார்கள். நமக்கு 3டி பிரின்ட் தேவையில்லை. ராஜலட்சுமி, சவீதா, பென்னலூரின் ஸ்ரீவெங்கடேஸ்வரா என்று ஒரே நெடுஞ்சாலையில் இத்தனை கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. மாணவர்களே சேர்ந்து ஒரு பொது மேசை அமைக்கலாம். ஒரே ஹீட்டர் பிளாக், ஒரே கிளாஸ் வுல், ஒரே டிசி சப்ளை, 20 வாட். எல்லாக் குழுவுக்கும் ஒரே எடை வரம்பு, 300 கிராம். சோதனை மே மாதத்தில், ஏசி இல்லாத கூடத்தில், முதலில் ஃபேன் இல்லாமல், அடுத்த நாள் வெயிலில்.

ஒரே ஒரு விதியில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒவ்வொரு குழுவும் தன் ஹீட் சிங்க் எத்தனை டிகிரியில் நிற்கும், பிழை எவ்வளவு என்று முன்கூட்டியே தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு உறையில் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். பரிசு, மிகக் குளிர்ந்த ஹீட் சிங்குக்கு அல்ல. எழுதிக்கொடுத்த எண்ணுக்கு மிக அருகில் வந்து நின்ற குழுவுக்கு. விலகிப் போன குழுக்களுக்கும் மேடையில் பத்து நிமிடம் தருவோம், ஏன் விலகியது என்று விளக்கிச் சொல்ல. தெர்மோகப்பிள்களையும் டேட்டா லாகரையும் நான் கொண்டுவருகிறேன். கூடத்தை ஏற்பாடு செய்வதும் உறைகளைப் பூட்டி வைக்க நம்பகமான ஓர் ஆசிரியரைப் பிடிப்பதும் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஒரகடத்திலிருந்து ஒரு வெப்பச் சோதனைப் பொறியாளர்